கங்கைகொண்டானுக்கு எத்தனை எழுத்து?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சர்வர் வேலையில் கைகொடுக்கும் சின்னச் சின்ன வரிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நேரம் குறைவு, ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன். கங்கைகொண்டான். ராஜேந்திர சோழனின் விருதுப் பெயர் தாங்கிய ஊர்; இன்று சிப்காட்டும் எல்காட் பூங்காவும் இருக்கிற ஊர்.

அந்தப் பெயரில் எத்தனை எழுத்து? ஏழு என்பீர்கள். தமிழய்யா மார்க் போட்டுடுவார், கம்ப்யூட்டர் போடாது. புள்ளியும் துணைக்குறியும் தனித்தனி என்பதால் யூனிகோடில் 13 குறியீடுகள். யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 39. ஆரக்கிளில் ஊர்ப் பெயருக்கு ‘வார்கேர்2(30)’ என்று ஒதுக்கினால், வழக்கமான அமைப்பில் அது 30 பைட்தான். ஊர் உள்ளேயே நுழையாது! ‘30 கேர்’ என்று எழுதினால் தீர்ந்தது.

இதைவிடப் பொல்லாதது ‘கொ’. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம். பழைய எழுத்துருவில் அடித்ததை அரைகுறையாக மாற்றினால் இரண்டாகத்தான் வந்து நிற்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட் பைட்டாக ஒப்பிடும் தேடலுக்கோ வேறு வேறு. ஒரு பயனாளிப் பட்டியலில் இதை நேரில் பார்த்தேன். பட்டியலில் பேர் இருக்கு. தேடினா ‘இல்லை’ன்னு வருது. கவுன்ட்டரில் நிற்கிற பாட்டியிடம் யூனிகோடு பற்றிச் சொல்ல முடியுமா? “பேர் இல்லம்மா, போயிட்டு வாங்க” என்றுதான் சொல்வார்கள்.

மருந்து ஒரே வரி. பைத்தானில் ‘யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்’, ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘நார்மலைஸ்’, இரண்டிலும் ‘என்.எஃப்.சி’ என்று கொடுங்கள். பதியும்போது ஒரு முறை, தேடும் சொல்லுக்கு ஒரு முறை, பழைய தரவு முழுவதற்கும் ஒரு முறை. மூன்றில் ஒன்றை விட்டாலும் பாட்டி திரும்பித்தான் போகணும்.

இன்னொன்று. பழைய நிலப் பத்திரங்களில் வரும் முந்திரி, காணி போன்ற பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடில் சேர்ந்தன. அவை 4 பைட். மைஎஸ்க்யூஎல்லின் பழைய ‘யுடிஎஃப்8’ 3 பைட்டோடு நின்றுவிடும். பேரில் முழுசு, வேலையில் முக்கால். ‘யுடிஎஃப்8எம்பி4’ என்றே கொடுங்கள். 2010-இலேயே வந்துவிட்ட வசதி அது. தாமிரபரணிக் கரை நன்செய்ப் பத்திரங்களைக் கணினியில் ஏற்றப் போகிறவர்கள் உங்களில் இருக்கக்கூடும். முதல் நாளே போட்டுவிடுங்கள், ஏற்றிய பிறகு மாற்றுவது பெரிய வேலை.