வானலையும் ஊர்ப் பொதுச் சொத்தே

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கண்ணாடி இழைக் கேபிள் பல ஊராட்சி அலுவலகங்கள் வரை வந்துவிட்டது. அங்கிருந்து பள்ளிக்கும், சுகாதார நிலையத்திற்கும், கூட்டுறவுச் சங்கத்திற்கும் இணையத்தைக் கொண்டு செல்லக் கூரைமீதும் கம்பத்தின்மீதும் வைஃபை கருவிகளைப் பொருத்துகிறோம். சில நாள் நன்றாக இயங்கும் இணைப்பு, அடுத்த தெருவில் இன்னொரு கருவி ஏறியதும் தடைப்படுகிறது. கருவி பழுதென்று எண்ணி, ஊராட்சிப் பணத்தில் புதிதாக வாங்க முற்படுகிறோம். பல வேளைகளில் பழுது கருவியில் இல்லை; அலைகள் ஒன்றையொன்று குழப்புவதே காரணம்.

மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2005-ஆம் ஆண்டிலும், 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையின் பெரும்பகுதியை 2018-ஆம் ஆண்டிலும் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பிறருக்கு இடையூறு செய்தல் கூடாது. பிறரால் நமக்கு இடையூறு நேரின் பாதுகாப்புக் கோரவும் இயலாது. ஆகவே இது ஏரி நீரைப் போன்றது. தலைமடையில் இருப்பவர் அளவோடு எடுத்தால்தான் கடைமடைக்கும் பாயும்.

செய்ய வேண்டுவன யாவை? முதலாவது, கருவியை ஏற்றுமுன் சுற்றுப்புறத்தில் எந்தெந்தச் சேனல்கள் பயனில் உள்ளன என்று கைபேசிச் செயலியால் பார்த்தறிய வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் சேர்ந்து இயங்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களே. அங்கே 20 மெகாஹெர்ட்ஸ் அகலமே போதுமானது. தொலைவிடங்களை இணைக்க 5 கிகாஹெர்ட்ஸே ஏற்றது.

இரண்டாவது, எல்லாத் திசையிலும் பரப்பும் ஆண்டெனா எல்லாத் திசை இரைச்சலையும் வாங்கும். இரண்டு கட்டடங்களை இணைப்பதற்கு ஒரே திசையை நோக்கும் ஆண்டெனாக்களை நேருக்கு நேர் பொருத்துக. ஒரு கிலோமீட்டர் இணைப்பாயின், நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி இரண்டு மீட்டருக்குக் குறையாத வெளி வேண்டும். தென்னை மட்டை அதில் புகுந்தாலும் இணைப்புத் தளரும்.

மூன்றாவது, ஒலிபரப்பும் வலிமையைக் கூட்டுவது தீர்வாகாது. திருவிழாவில் இரண்டு ஒலிபெருக்கிகளையும் உரக்க வைத்தால் எந்தப் பாட்டும் விளங்காது. எதிர்முனைக்குத் தெளிவாக எட்டும் அளவே போதும்.

நான்காவது, உலோக உறையிட்ட தரமான கேபிளை முறையான எர்த்துடன் அமைத்திடுக. பம்புசெட் மின்கம்பியோடு சேர்த்துக் கட்டலாகாது. மட்டமான கேபிளும் அடாப்டரும் பக்கத்து வீட்டு வானொலியில் இரைச்சலை எழுப்பக்கூடும்.

இவை நம் வசதிக்கானவை. பிறர் உயிரைக் காக்கும் கடமை ஒன்றும் உண்டு. 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளைப் பல நாடுகளில் வானிலை ராடார்கள் பயன்படுத்துகின்றன. போர்ட்டோரிக்கோ தீவின் சான் ஹுவானில், விமான நிலையத்திற்கான வானிலை ராடாருக்கு வெளிப்புற வைஃபை கருவிகள் இடையூறு விளைத்தமை 2009-ஆம் ஆண்டில் தெரியவந்தது. இதைத் தவிர்க்கவே கருவிகளில் டி.எஃப்.எஸ். என்னும் ஏற்பாடு உள்ளது. ராடார் உண்டா என்று ஒரு நிமிடமாவது கேட்டறிந்த பின்னரே அது அச்சேனலில் ஒலிபரப்பும். பின்னர் ராடார் தென்பட்டால் விலகிக்கொள்ளும். வேகம் கருதிச் சிலர் வேறு நாட்டின் பெயரைக் கருவியில் பதிந்து இவ்வேற்பாட்டை முடக்குகின்றனர். புயலை முன்னறிவிக்கும் கண்ணை நாமே மறைப்பது தகுமா? கருவியில் இந்தியா என்றே பதிதல் வேண்டும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஊராட்சியும் ஒரு பதிவேடு வைக்கட்டும். கருவி இருக்கும் இடம், உயரம், நோக்கும் திசை, சேனல், வலிமை ஆகியவற்றை அதில் எழுதுக. அவ்விவரங்களைப் பெற்றுச் சரிபார்த்த பின்னரே ஒப்பந்தக்காரருக்குப் பணம் வழங்குக. அண்டை ஊராட்சியுடன் ஏட்டை ஒப்பிட்டுச் சேனல்களைப் பங்கிட்டுக் கொள்ளுங்கள். முறை வைத்து நீர் பாய்ச்சத் தெரிந்த நமக்கு, முறை வைத்து அலையைப் பகிர்வது அரிய செயலன்று.