இளவரசன் காணாத கால்

இளையோர் அறிவியல் புனைவுக்கென்று கூடிய அவையில் தலைமை ஏற்பது எனக்குப் பெரும் பேறு. இத்துறையில் என்னைவிட ஆழ்ந்து படித்தவர்கள் முன்வரிசையில் இருப்பதைப் பார்க்கையில் கையிலுள்ள தாள் சற்று நடுங்கத்தான் செய்கிறது. பொறுத்தருள வேண்டும்.

மாநாட்டின் பொருள் ‘தொடர் நாவல்களும் துணைக்கதைகளும்’. வெரோனிகா ராத் ‘டைவர்ஜென்ட்’ தொடருக்கு ‘ஃபோர்’ தொகுப்பை 2014இல் தந்தார். நீல் ஷஸ்டர்மன் ‘அன்வைண்ட்’ உலகத்துக்கு 2015இல் ‘அன்பவுண்ட்’ தந்தார். இந்த வரலாறு நீங்கள் அறிந்ததே, கட்டுரையாளர்கள் விரித்துரைப்பார்கள். எனக்குரிய நேரத்தை ஒரு பழைய வழக்குக்குச் செலவிட அனுமதி வேண்டுகிறேன்.

மரிஸ்ஸா மேயரின் ‘லூனார் க்ரானிகிள்ஸ்’ தொடரை எந்த வரிசையில் படிப்பது, எந்த வரிசையில் பாடம் சொல்வது? கதைக்குள் நிகழும் கால வரிசையே சரி என்று மூத்த நண்பர் ஒருவர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். அவரிடம் நான் கற்றது ஏராளம். இந்த ஒன்றில் மட்டும் அவரோடு உடன்பட முடியவில்லை. கால வரிசைப்படி போனால் ‘தி கீப்பர்’ முன்னால் வந்துவிடும். பிரான்ஸில் ஒரு பண்ணையில் மிஷெல் பெனுவா ஒரு குழந்தையை ஒளித்துவைத்துக் காக்கும் கதை அது. அதைப் படித்துவிட்டுத் தொடரின் முதல் நாவலான ‘சின்டர்’ நூலைத் திறக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, அந்தக் குழந்தைதான் நாயகி சின்டர் என்று ஆசிரியர் கடைசி வரை பொத்திவைத்த ரகசியம் முதல் பக்கத்திலேயே உடைந்துபோகிறது. தொடர் முடிந்த பிறகு, 2016இல், ‘ஸ்டார்ஸ் அபவ்’ தொகுப்பில்தான் மேயர் அந்தக் கதையை அச்சேற்றினார். தொகுப்பில் அது முதல் கதையாக இருக்கிறதே என்று நண்பர் கேட்பார். உண்மைதான், ஆனால் அந்தத் தொகுப்பு, தொடரின் கடைசி நாவலான ‘வின்டர்’ வரைக்கும் படித்து முடித்தவர்களின் கைக்கு வந்த தொகுப்பு.

‘க்ளிட்சஸ்’ கதையோ 2011 டிசம்பரிலேயே, ‘சின்டர்’ வருவதற்கு ஒரு மாதம் முன்பு, வெளிவந்துவிட்டது. பதினொரு வயதுச் சிறுமி சின்டர் நியூ பெய்ஜிங்கில் புது வீட்டுக்கு வந்து சேர்கிறாள். அழைத்துவந்தவர் கொள்ளைநோயில் மாண்டுபோகிறார். அவள் உண்மையில் யார் என்பதைக் கதை சொல்வதில்லை. விளம்பரத்துக்கு எழுதியது என்று இதைத் தள்ளுவோர் உண்டு. விற்பனை நோக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எதைச் சொல்லக்கூடாது என்பதில் இத்தனை கறாராக இருக்கும் கதையை வெறும் விளம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

‘ஸ்டார்ஸ் அபவ்’ தொகுப்பிலுள்ள ‘தி மெக்கானிக்’ கதையைப் பாருங்கள். ‘சின்டர்’ முதல் அத்தியாயத்தின் சந்தைக் காட்சியே இங்கே ‘கை’ என்னும் இளவரசனின் கண்வழி வருகிறது. நாவலில், இயந்திர உறுப்புகள் கொண்ட சின்டர் துருவேறிய திருகைக் கழற்றி, சிறுவயதில் பொருத்திய, இப்போது அளவு போதாத இரும்புப் பாதத்தை எடுத்துவிட்டு, புதுப் பாதம் வரக் காத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து இளவரசன் கடைக்கு வந்து நிற்கிறான். மேசைக்கு அடியில் வயர்கள் தொங்கும் வெறும் கணுக்கால். சிறுகதையில் அந்தக் கால் இல்லை. இளவரசனுக்கு அது தெரியாது. அரண்மனைப் படியில் அவள் பாதம் கழன்று விழும் இரவு வரை தெரியாது. நாவலைப் படித்தவருக்கோ அவன் பேசும் ஒவ்வொரு நொடியும் மேசைக்கு அடியில்தான் கண் போகும். துணைக்கதையின் வலு இதில் இருக்கிறது என்பது என் வாதம். அது புதிதாகத் தரும் தகவல் சொற்பம். சொல்பவர் அறியாததை நாம் அறிந்து படிக்கிறோம். வெளிவந்த வரிசையைக் கலைத்தால் இந்த அனுபவம் கைநழுவிப் போகும்.

இத்தகைய கதைகளைக் ‘கிளைக்கதை’ என்று தமிழ்ப்படுத்துவதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. மணிமேகலையில் ஆபுத்திரன் வரலாறு கிளைக்கதை. அதை நீக்கினால் அமுதசுரபி வந்த வழி தெரியாமல் போகும். ‘தி மெக்கானிக்’ இல்லாமலும் ‘சின்டர்’ நிற்கும். ஆகவே ‘துணைக்கதை’ என்பதே பொருந்தும்.

நாம் கவனிக்காமல் விட்டது ‘தி லிட்டில் ஆண்ட்ராய்ட்’. ஆண்டர்சனின் 1837ஆம் ஆண்டுக் கடற்கன்னிக் கதையை ஒரு ஆண்ட்ராய்டைக் கொண்டு மேயர் திரும்பச் சொன்னது அது. நாயகர்கள் இல்லை என்பதால் நம் ஆய்வுகள் அதை எட்டிப்பார்ப்பதில்லை. சின்டர் அதில் வருகிறாள், பழுதுபார்க்கும் பெண்ணாக மட்டும். நான்கு நாவல்கள் யாரைச் சுற்றி எழுந்தனவோ, அவள் அங்கே சந்தையில் ஒரு கடைக்காரி. அந்த ஆண்ட்ராய்டுக்கு அதற்கு மேல் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தொடரின் உலகம் நாயகியைவிடப் பெரியது என்பதை நான்கு நாவல்களைவிட இந்த ஒரு கதை எனக்கு நன்றாக உணர்த்தியது.

இரண்டு நாள் நிகழ்ச்சி நிரலில் அதைப் பற்றி ஒரு கட்டுரைகூட இல்லை. மாலைக் கலந்துரையாடலில் அரை மணி நேரத்தை அதற்கென ஒதுக்கும்படி அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டு, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.