மூச்சு வீணாகாத குழல்



ஊதுகுழல் என்றதும் நம்மில் பலருக்கு அடுப்படிதான் ஞாபகம் வரும். விறகு புகைந்தால் அம்மா எடுத்து ஊதுவாரே, அந்த இரும்புக் குழல். இன்று நான் பேசப்போவது அதைப் பற்றி அல்ல. மூங்கில் குழலுக்குள் ஒரு சின்ன அம்பை வைத்து, வாயால் ஊதிக் குறி அடிக்கிற கருவியைப் பற்றி. போர்னியோ, மலேயா, அமேசான் காடுகளின் பெயரோடு சேர்த்தே இது நமக்கு அறிமுகமாகியிருக்கிறது. ஆனால் இது நம் பக்கத்திலும் இருந்தது. அது மட்டுமல்ல, சென்னையை ஒட்டிய ஊரப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே இன்றைக்கும் இதற்கு வேலை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு இயக்குநராக இருந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். 1924-இல் லண்டனில் உள்ள அரச மானிடவியல் கழகத்தின் இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். தென்னிந்தியாவின் ஊதுகுழல், வளைதடி, குறுக்குவில் ஆகிய மூன்றும்தான் அதன் பொருள். இந்த மூன்றில் வளைதடிக்கு, அதாவது வளரிக்கு, இன்று நல்ல பேர் இருக்கிறது. மேடையில் பேசுகிறார்கள், சினிமாவிலும் காட்டுகிறார்கள். தலைப்பில் முதலில் நிற்கிற ஊதுகுழலைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. மீன்வளத் துறை அதிகாரிக்கு வேட்டைக் கருவியில் என்ன அக்கறை என்று கேட்கலாம். மலபார்ப் பக்கம் இதைக்கொண்டு மீனும் அடித்தார்கள். அம்பில் நூலைக் கட்டி ஊதினால், அடிபட்ட மீனை நூலோடு இழுத்துவிடலாம்.

சரி, இதை எப்படிச் செய்கிறார்கள்?

குழலுக்கு மூங்கில்தான் முதல் யோசனை. ஆனால் எந்த மூங்கிலும் ஆகிவிடாது. ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையோரக் கடைகளில் சவுக்குக் கட்டையோடு சாய்த்து வைத்திருக்கிறார்களே கெட்டி மூங்கில், ஏணிக்கும் பந்தல்காலுக்கும் அது நல்லது. ஊதுகுழலுக்கு உதவாது. உள்ளே துவாரமே சரியாக இருக்காது. தேவை, கணுவுக்குக் கணு நீளம் அதிகமாகவும் சுவர் மெல்லியதாகவும் உள்ள வகை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், ஓடையோரங்களில் புதர் புதராக வளரும் ஈத்தை அந்தச் சாதி. மலேசியாவில் தெமியார், செமாய் போன்ற பழங்குடி மக்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஆள் உயரத்துக்கு ஒரே கணுவிடை வளரும் மூங்கிலைத் தேடி மலை ஏறுவார்கள். அதையும் வெறுமனே விடுவதில்லை. மெல்லிய குழல் வளைந்துவிடக் கூடாது என்று, அதற்கு வெளியே இன்னொரு மூங்கிலை உறையாகப் போட்டுவிடுவார்கள்.

நீளமான கணுவிடை கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? இரண்டு வழி உண்டு. ஒன்று, இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ஒவ்வொரு கணுவாகச் சுட்டுத் துளைப்பது. இதில் கணு இருந்த இடத்தில் விளிம்பு நின்றுவிடும். மணலை உள்ளே போட்டு, கம்பியில் துணி சுற்றித் தேய்த்துத் தேய்த்துத்தான் அதை வழவழப்பாக்க வேண்டும். இன்னொன்று, மூங்கிலை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, கணுக்களைச் செதுக்கி எடுத்துவிட்டு, மறுபடி பொருத்தி நூலால் இறுகக் கட்டுவது. இணைப்பில் தேன்மெழுகோ குங்கிலியமோ உருக்கிப் பூச வேண்டும். அமேசான் காடுகளில் மரத்தையே இப்படி இரு பாதியாகக் குடைந்து ஒட்டுகிறார்கள்.

போர்னியோவில் செய்கிற வேலை இன்னும் பிரமிப்பானது. கடினமான மரத்துண்டைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே பரண் கட்டி நின்றுகொண்டு, நுனியில் உளி வாயுள்ள நீண்ட இரும்புக் கம்பியை மேலும் கீழுமாகக் குத்திக் குத்தித் துளைக்கிறார்கள். அவ்வப்போது தண்ணீர் ஊற்றித் தூளை வெளியேற்றுகிறார்கள். துளை நேராக வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தக் குழலின் முனையில் ஒரு ஈட்டியையும் கட்டுவார்கள். ஈட்டியின் கனத்தால் முனை சற்றே தாழும் அல்லவா? அதனால் துளையைத் துளி வளைவாகவே துளைக்கிறார்கள். ஈட்டி கட்டியதும் அந்தக் கனத்தில் வளைவு நிமிர்ந்து, குழல் நேராகிவிடும்.

அடுத்தது அம்பு. இதற்கான சாமான்கள் நம் கொல்லையிலேயே இருக்கின்றன. தென்னங்கீற்றின் ஈர்க்கு, கொஞ்சம் இலவம்பஞ்சு. முற்றிய ஈர்க்காகப் பார்த்து ஒரு சாண் நீளம் வெட்டி, கத்தியால் சீவி, நுனியைக் கூராக்க வேண்டும். அடிப்பக்கத்தில் இரண்டு விரற்கடை நீளத்துக்குப் பஞ்சைச் சுற்ற வேண்டும். முன்னால் மெல்லியதாகத் தொடங்கி, பின்னால் போகப்போகப் பருமனாக, கூம்பு மாதிரி வர வேண்டும். பஞ்சு பிரியாமல் இருக்க அதன் தொடக்கத்தில் மெல்லிய நூலால் இரண்டு சுற்று. இப்போது அம்பைக் குழலுக்குள் விட்டுக் குழலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். அம்பு தொப்பென்று கீழே விழுந்தால் பஞ்சு போதாது. உள்ளேயே சிக்கி நின்றால் பஞ்சு அதிகம். விரலால் குழலைத் தட்டத் தட்ட, கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். அதுதான் பக்குவம்.

அமேசான் பக்கத்திலும் இதேதான்: பனை இனத்து ஈர்க்கு, இலவம்பஞ்சு.  மலேசியாவில் பஞ்சுக்குப் பதிலாக மென்மையான தண்டுச் சோற்றைக் கூம்பாகச் சீவி, ஈர்க்கின் அடியில் செருகுகிறார்கள். பொருள் எதுவானாலும் நோக்கம் ஒன்று: ஊதிய காற்று அம்பைச் சுற்றிக் கசிந்து ஓடிவிடக் கூடாது.

ஏன் இவ்வளவு கவலை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பலமாக ஊதினால் நம் மூச்சு கொடுக்கிற அழுத்தம், காற்று மண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 1 செ.மீ. துவாரமுள்ள குழலில் அது அம்பின் முதுகில் வைக்கிற பாரம் சுமார் 80 கிராம். ஒரு கோழிமுட்டையின் எடையைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் குழல் ஒன்றரை மீட்டர் நீளம் என்றால், அந்த 80 கிராம் தள்ளு ஒன்றரை மீட்டருக்கும் விடாமல் கிடைக்கிறது. கசிவும் உராய்வும் இல்லையென்றால், 2 கிராம் எடையுள்ள அம்பு மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் வெளியே வரும். பஞ்சு சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய நுரையீரல் இருந்தும் பிரயோஜனம் இல்லை. பலசாலியைவிடப் பக்குவம் தெரிந்தவர்தான் இந்தக் கருவியில் ஜெயிப்பார்.

இவ்வளவு வேகத்தில் போனாலும், ஈர்க்கு ஈர்க்குதான். அது தைத்து ஒரு குரங்கு விழுந்துவிடாது. அதனால்தான் நஞ்சு தேவைப்பட்டது. தென்கிழக்காசியாவில் ஒரு மரத்தின் பாலை எடுத்து, தீயில் சுண்ட வைத்து, அம்பு நுனியில் தடவினார்கள். அது இரத்தத்தில் கலந்தால் இதயத்தை நிறுத்திவிடும். நுனியில் முன்கூட்டியே ஒரு வெட்டுப் போட்டிருப்பார்கள். விலங்கு அம்பைப் பிடுங்கினாலும் நுனி ஒடிந்து உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். அந்த மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கிறது. ஆனால் இங்கே மலைவாசிகள் அதன் பட்டையை ஊறவைத்துத் தட்டி, துணியாகவும் சாக்காகவும் பயன்படுத்தினார்கள். மரவுரி என்று சொல்கிறோமே, அது தரும் மரங்களில் ஒன்று இது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பறவையையோ உடும்பையோ எதைக்கொண்டு அடித்தாலும் குற்றம்தான். ஊரப்பாக்கம் ஏரிக்கரைக் கொக்கும் அதில் சேர்த்தி. செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு அட்டைப்பெட்டியைச் சுவரோரம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. இன்னொன்றும் முக்கியம். மூச்சை முழுக்க இழுத்துக்கொண்ட பிறகுதான் குழலில் வாய் வைக்க வேண்டும். வாய் வைத்த பிறகு மூச்சை இழுத்தால் அம்பு தொண்டைக்குள் போய்விடும். பிள்ளைகள் பெரியவர்கள் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

இப்போது பக்கத்தூருக்கு வருவோம். 1855-இல் சென்னையில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை, இடம் போதாமல் வண்டலூருக்கு மாறி, 1985 ஜூலையில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 602 ஹெக்டேர் பரப்பு. அங்கே ஒரு சிங்கத்துக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட வேண்டும். யார் பக்கத்தில் போவது? இந்த மாதிரிப் பெரிய பூங்காக்களில் கால்நடை மருத்துவர்களின் கைக்கருவிகளில் ஒன்று ஊதுகுழல். 1970-களில் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஹெல்லாபுருன் காட்சிசாலையின் மருத்துவர் ஹென்னிங் வீஸ்னர் போன்றவர்கள் இந்தப் பழைய வேட்டைக் கருவியை வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அதில் போகிற அம்பு ஒரு சின்ன பிளாஸ்டிக் சிரிஞ்சு. நடுவில் ஒரு ரப்பர் பிஸ்டன். அதற்கு முன்னால் மருந்து, பின்னால் அழுத்தி அடைத்த காற்று. ஊசியின் நுனி அடைபட்டிருக்கும். துவாரம் பக்கவாட்டில் இருக்கும், அதன்மேல் சிலிகோன் உறை ஒன்று மூடியிருக்கும். ஊசி தோலில் ஏறும்போது உறை பின்னுக்கு நகர்ந்து, துவாரம் திறக்கும். உடனே காற்று பிஸ்டனைத் தள்ள, மருந்து தசைக்குள் இறங்கிவிடும். வாலில் வண்ணக் கம்பளி நூலில் ஒரு குஞ்சம். அம்பு தடுமாறாமல் நேராகப் போக அதுதான் உதவுகிறது.

காட்டு யானைக்கு மயக்க ஊசி போடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அங்கே துப்பாக்கி வேண்டியிருக்கிறது, தூரம் அதிகம், தோலும் தடிமன். கூண்டுக்குள் பத்து மீட்டர் தொலைவில் இருக்கிற மானுக்கும் சிறுத்தைக்கும் துப்பாக்கி தேவையில்லை. சத்தம் விலங்கை மிரட்டும், வேகம் எலும்பைக்கூட உடைத்துவிடும். மூச்சின் பலம் அந்த அளவுக்குப் போகாது. வேட்டையில் எது குறையாக இருந்து நஞ்சைத் தேட வைத்ததோ, அந்தப் பலவீனமே வைத்தியத்தில் தகுதியாகிவிட்டது.

கேட்டுக்கொண்டிருக்கும் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. ஒரே அம்பு, ஒரே அளவு துவாரம், நீளம் மட்டும் அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று மூன்று குழல். ஊதுவதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் அம்பு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை மாணவர்கள் அளக்கட்டும். நீளம் நான்கு மடங்கானால் வேகம் நான்கு மடங்காகாது, கணக்குப்படி இரண்டு மடங்குதான் ஆகும். உராய்வால் அதுவும் குறையும். எவ்வளவு குறைகிறது, ஏன் குறைகிறது என்று பிள்ளைகளே வாதம் செய்யட்டும். வேலையும் ஆற்றலும் பாடத்துக்கு இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் அமையாது.