கண்காணித்தலும் மேற்பார்வையிடுதலும்



வேலை செய்வோரை உடனிருந்து பார்த்து நடத்துவதைக் குறிக்க இன்று இரண்டு சொற்கள் பெருவழக்காக உள்ளன: கண்காணித்தல், மேற்பார்வையிடுதல். பொதுப்பணித்துறையில் 'கண்காணிப்புப் பொறியாளர்' எனப்படும் பதவியே மின்வாரியத்தில் 'மேற்பார்வைப் பொறியாளர்' ஆகிறது. அலுவலகத்தார்க்கு இரண்டும் ஒன்றே, கவிஞர்க்கு ஒன்றாகா.

'மேற்பார்வை' பெயர்ச்சொல். 'இடு', 'செய்' என்னும் துணையின்றி அது வினையாக நடப்பதில்லை. 'மேற்பார்த்தான்' என்பார் இன்று அரியர். 'கண்காணி' அவ்வாறன்று. ஆளைக் குறிக்கையில் பெயர். கண்காணித்தான், கண்காணிப்பான் எனக் காலங்காட்டுகையில் வினை. பழமையும் உடையது. சோழர் கல்வெட்டுகளில் கோயில் அறக்கொடைகளைக் காக்கும் பொறுப்பு 'மாகேசுவரக் கண்காணி' எனப்படுகிறது. திருமூலர் இறைவனையே கண்காணி என்றார். விவிலியத்தைத் தமிழாக்கியோர் திருச்சபையின் மேய்ப்பரைக் குறிக்க இச்சொல்லையே தெரிந்தெடுத்தனர்.

இத்துணைப் பெருமையுடைய சொல் இலங்கை மலைகளில் தாழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் மதுரை, இராமநாதபுரம், திருச்சிப் பகுதிகளிலிருந்து ஆள் திரட்டிச் சென்றவன் 'கங்காணி' ஆனான். முன்பணம் தந்தவனும் அவனே. வேலை வாங்கியவனும் அவனே. தொழிலாளர் பட்ட கடனைக் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அக்கடனைச் செலுத்திய தோட்டத்திற்கு ஆட்கள் கைமாறினர். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என்னும் படிநிலைகள் அதன் பின்னும் இருந்தன. ஒலி திரிந்ததோடு பொருளும் திரிந்து, அந்தச் சொல் ஆங்கில அகராதியிலும் ஏறியது.

வண்டியூரில் கூடியிருப்போர்க்கு வையைக்கரைக் கதை புதிதன்று. வந்திக்காக மண் சுமக்க வந்த இறைவன், வேலையில் சுணங்கினான் என்று பிரம்படி பட்டான். திருமந்திரத்தில் கண்காணியாக நிற்பவனே இங்குக் கண்காணிக்கப்படும் கூலியாள்! கங்காணியைப் பாடும் நம் கவிஞர் பலர் அவன் கைப்பிரம்பை மட்டும் பாடுகின்றனர். அழைத்துச் சென்றவன் பெரும்பாலும் உறவினன் அல்லது ஊரான் என்பதை விட்டுவிடுகின்றனர். அச்சொல்லின் கசப்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

இனி, ஏட்டில் ஏறாத வழக்கு ஒன்று. கதிரறுப்பின்போது இவ்வட்டாரத்து வயற்காரர் 'கண்காணி' என்பதில்லை. 'ஆட்களைப் பார்த்துக்கொள்' என்பர். தூளியில் உறங்கும் பிள்ளையை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்லும் தாயும் அதே சொல்லைத்தான் சொல்கிறாள்.