முகாமுக்கு வந்தவர்களும் வராதவர்களும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



வைத்தியர்களான பழைய மாணவிகள் நாங்கள் சிலர், சங்கத்தின் உதவியுடன் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் மருத்துவ முகாம்கள் நடத்தி வருவது உங்களுக்குத் தெரியும். லண்டன், ரொறன்ரோ கிளைகளுக்குப் படங்களும் வந்தவர்களின் தொகையும் அனுப்புவோம். தொகை கூடினால் எங்களுக்கும் சந்தோஷம்தான்.

சென்ற வருடம் அந்தப் பெயர்ப்பட்டியலோடு விசுவமடுப் பக்கம் வீடு வீடாகப் போனோம். முகாமில் பிறஷரோ நீரிழிவோ கண்டு, ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தவர்களைத் தேடித்தான் போனோம். பலருடைய துண்டு சாமிப்படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. "பிள்ளை, கிளினிக் நாள் வேலைக்குப் போகாட்டி அண்டைக்கு அடுப்பெரியாது" என்றார் ஓர் அம்மா. போரில் கணவரை இழந்தவர். பேரப்பிள்ளைகளையும் அவரே பார்க்கிறார். இரண்டு முகாம்களுக்கு வந்திருந்தார். எங்கள் கணக்கில் அவர் இரண்டு பேர். பிறஷரோ அன்றும் குறையவில்லை.

முகாமுக்கு வராத வீடுகளுக்கும் போனோம். படுக்கையை விட்டு எழும்ப முடியாதவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

வன்னியில் இதைச் சரியாகச் செய்த வேலை ஒன்று உண்டு: மலேரியா ஒழிப்பு. விடுதியில் இருந்தவர்களில் குளோரோகுயின் கசப்பை அறியாதவர் யார்? அந்த வேலை, எத்தனை வீட்டுக்கு மருந்தடித்தோம் என்ற கணக்கோடு நிற்கவில்லை. காய்ச்சல்காரரின் இரத்தத்தைச் சோதித்து, நோயாளி ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்தார்கள். 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்நாட்டுத் தொற்று இல்லாமல் மூன்று வருடங்கள் கடந்தபின்தான், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழைத் தந்தது. 1963 இல் நாடு முழுவதும் 17 பேராகக் குறைந்து, கண்காணிப்புத் தளர்ந்ததும் அந்தப் பத்தாண்டு முடியுமுன் லட்சக்கணக்கில் திரும்பி வந்த நோய் அது.

ஆகவே இந்த வருடம் முகாம்களைக் குறைக்கிறோம். சிலருக்கு இது மனவருத்தம் என்று தெரியும்; படங்களும் குறையும். அந்தப் பணம் கிளினிக் போகிறவர்களின் பஸ் காசுக்கும், பிறஷர் பார்க்கும் கருவியோடு வீடுகளுக்குப் போகும் கிராமத்துப் பெண்கள் இருவரின் கொடுப்பனவுக்கும் போகும். ஆறு மாதம் கழித்து அதே ஆட்களின் பிறஷரை மறுபடி அளப்போம். குறையாதவர்களின் கணக்கையும் கிளைகளுக்கு எழுதுவோம், பெயர்களை மறைத்து.

மார்கழி விடுமுறையில் எங்களோடு விசுவமடு வர விரும்பும் தங்கைமார் மண்டப வாசலில் பெயர் கொடுக்கலாம். வைத்தியராக இருக்க வேண்டியதில்லை; கொப்பி எழுதவும் ஆள் வேண்டும்.