அழிக்கும் முன் பெயர் கேட்போம்

(குறுவள மையக் கூட்டத்தில் கணினி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். ஆய்வகக் கணினிகளில் லினக்ஸ் நிறுவ ஒரு பென் டிரைவைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அதே கணினியில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கும் செருகியிருந்தது. மாணவர்களின் மூன்றாண்டு அறிவியல் கண்காட்சிப் படங்கள் அதில் இருந்தன. கட்டளையில் 'எஸ்டிசி' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'எஸ்டிபி' என்று அடித்துவிட்டேன். ஓர் எழுத்துதான். கணினி எதுவும் கேட்காமல் எழுதத் தொடங்கிவிட்டது. வேறு பிரதியும் எடுத்து வைக்கவில்லை.

மறுநாள் பிளஸ் டூ வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். ஒரு மாணவி, "எங்க அக்கா செஞ்ச காத்தாலை படம் அதுலதான் சார் இருந்துச்சு" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த வகுப்புக்குப் பைத்தான் பாடம் உண்டு. எனவே அவர்களிடமே வேலையைக் கொடுத்தேன். "இணைந்திருக்கும் சேமிப்புச் சாதனங்களைப் பட்டியலிடும் சிறு கட்டளை ஒன்று எழுதுவோம். அது படிக்க மட்டும் வேண்டும். எதையும் மாற்றக் கூடாது." லினக்ஸில் இதற்கு 'எல்எஸ்பிஎல்கே' என்ற கட்டளை ஏற்கனவே உண்டு. விடையைச் சரிபார்க்க அதை வைத்துக்கொண்டோம்.

லினக்ஸ் தன் சாதனங்களைப் பற்றிய விவரங்களைச் சாதாரணக் கோப்புகள் போலவே காட்டுகிறது. 'சிஸ்' என்ற கோப்புறைக்குள் 'பிளாக்' என்றொரு கோப்புறை. அதில் ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு பெயர். அதற்குள் 'சைஸ்' என்ற கோப்பைத் திறந்தால் ஓர் எண் மட்டும் இருக்கும். அதை 512 ஆல் பெருக்கினால் பைட் கணக்கு வரும்.

ஒரு பென் டிரைவ் 6,25,00,000 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 512 ஆல் பெருக்கினால் 3,200 கோடி பைட். உறையில் 32 ஜிபி என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். ஆனால் கணினித் திரையில் பல சமயம் 29.8 என்று வரும். "கடைக்காரர் ஏமாத்திட்டாரா சார்?" என்று கேட்டார்கள். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக வகுக்கிறார். கணினி 1,024 ஆல் மூன்று முறை வகுக்கிறது. அலகு மாற்றம் நடத்தும் கணித ஆசிரியர்களுக்கு இது நல்ல கணக்கு.

அடுத்து, 'ரிமூவபிள்' என்ற கோப்பு. கழற்றக்கூடியது என்றால் 1, இல்லையென்றால் 0. அதை நம்பி, 0 வந்தால் 'உள் வட்டு' என்று அச்சிடும்படி எழுதினோம். பென் டிரைவுக்குச் சரியாக வந்தது. வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகியபோது அந்த மாணவிதான் கவனித்தாள்: "இதையும் உள் வட்டுன்னு காட்டுது சார்." நான் அழித்த அதே வட்டு! பல வெளி ஹார்டு டிஸ்க்குகள் 0 என்றே சொல்லும். பிறகு, அந்தச் சாதனத்தின் முழுப் பாதையில் 'யுஎஸ்பி' என்ற சொல் வருகிறதா என்று தேடும்படி மாற்றினோம். சரியாகிவிட்டது.

கடைசியாக ஒரு பாடம். எஸ்டிபி, எஸ்டிசி என்பவை கணினி கண்டுகொண்ட வரிசையில் தரும் எழுத்துகள். இன்று 'பி'யாக இருப்பது நாளை 'சி' ஆகலாம். நாம் பெஞ்சைப் பார்த்தா வருகை போடுகிறோம்? பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறோம்! அதனால் எங்கள் பட்டியலில் எழுத்துக்குப் பக்கத்திலேயே மாடல் பெயர், கொள்ளளவு, யுஎஸ்பியா என்ற மூன்றும் வரும்.

மொத்தம் முப்பது வரிக்குள்தான் நிரல். இன்று எங்கள் ஆய்வகத்தில் எந்த வட்டை அழிப்பதாக இருந்தாலும் முதலில் பட்டியல் ஓட வேண்டும். இன்னொருவர் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நான் அழிப்பதானாலும் ஒரு மாணவர் படித்த பிறகுதான்.

உங்களில் பலரிடமும் மாணவர் படைப்புகள் ஒரே ஒரு பென் டிரைவில் இருக்கலாம். இன்று மாலையே இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள். அந்தக் காற்றாலைப் படத்தை என்னால் மீட்க முடியவில்லை.