"உன்னிடம்தான் முதலில் சொன்னேன்"

(மாணவர் நலம் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரை)



நான் மனநல மருத்துவன் அல்ல. தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்து, மைக்கைப் பிடித்துப் பிழைப்பவன். மற்றவர்களைப் பேச வைப்பதுதான் என் தொழில். அப்படிப்பட்ட நான், பேச வந்த ஒருவனின் வாயை அடைத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்காம் படிவத்தில் என் பக்கத்து மேசை நண்பன். நன்றாகப் பந்து விளையாடுவான். திடீரென்று திடலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில், "டேய், ராத்திரியெல்லாம் தூக்கமே வரல. எதுக்கு உயிரோட இருக்கோம்னு தோணுது" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "எந்தப் பொண்ணுடா?" என்று கேட்டுச் சிரித்தேன். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இரண்டு மாதத்தில் அவன் பள்ளிக்கு வருவதும் முடிந்தது.

பல ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தேன். நல்ல வேளை, இன்று மனைவி, பிள்ளையோடு நன்றாக இருக்கிறான். "அன்னைக்கு உன்கிட்டதான்டா மொதல்ல சொன்னேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

இது என் நண்பன் ஒருவனின் கதை மட்டுமல்ல. மலேசியச் சுகாதார அமைச்சு 2022இல் நடத்திய இளையோர் சுகாதார ஆய்வின்படி, பள்ளிப் பிள்ளைகளில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு. எட்டுப் பேரில் ஒருவருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது. மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். ஆனால், நம் நாட்டில் தற்கொலையால் இறப்பவர்களில் ஆண்களே அதிகம். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பையன்களுக்கு வலி குறைவு என்றா பொருள்? வாய் திறப்பது குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏன் திறப்பதில்லை? "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று ஐந்து வயதிலேயே கதவைச் சாத்துகிறோம். பதினைந்து வயதில் "மனம்விட்டுப் பேசு" என்றால் எப்படிப் பேசுவான்? பையன்களின் சோகம் பல நேரங்களில் கண்ணீராக வருவதில்லை; எரிச்சலாக வருகிறது. கதவை அறைவான், பள்ளிக்கு மட்டம் போடுவான், விடிய விடிய கைப்பேசியில் விளையாடுவான். நாம் அதைத் திமிர் என்கிறோம்.

நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஆறு ஆண்டுகள் ஒன்றாக இருந்த சின்ன வகுப்பு, முதலாம் படிவத்தில் சிதறிப்போகிறது. புதிய பள்ளி, வேறு போதனை மொழி, முகம் தெரியாத கூட்டம். பதின்மூன்று வயதுப் பையனுக்கு அப்போது ஒரு நண்பன் வேண்டும். பள்ளியில் கிடைக்காவிட்டால், பள்ளிக்கு வெளியே யாராவது ஓர் "அண்ணன்" தோளில் கை போடக் காத்திருக்கிறார். அந்தக் கை எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, நான் இன்று பேச விரும்புவது நண்பர்களைப் பற்றி. நம் இடைநிலைப்பள்ளிகளில் ஆலோசக ஆசிரியரின் கீழ் சகமாணவர் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால், பையன் முதலில் தேடுவது பட்டை அணிந்த வழிகாட்டியை அல்ல, பக்கத்து மேசைக்காரனைத்தான். அந்தப் பக்கத்து மேசைக்காரனுக்கு மூன்று விஷயங்களை நாம் சொல்லித் தர வேண்டும்.

தம்பிகளே, ஒன்று: நண்பன் சொல்லும்போது சிரிக்காதீர்கள். "என்னடா ஆச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அறிவுரை வேண்டாம்.

இரண்டு: சந்தேகம் வந்தால், "சாகணும்னு நினைக்கிறியா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பதே நிபுணர்களின் கருத்து. பாரத்தை இறக்கி வைக்க அது ஒரு வழி.

மூன்று: "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கினாலும், உயிர் சம்பந்தப்பட்டதை மறைக்காதீர்கள். அவனைத் தனியே விடாமல், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். நண்பனைக் காட்டிக் கொடுப்பது வேறு, காப்பாற்றுவது வேறு. உங்கள் வேலை கேட்பதும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான், சுமப்பது அல்ல.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல பள்ளிகளில் ஆலோசனை அறைக்குப் போனாலே "என்ன தப்புப் பண்ணே?" என்கிறார்கள். அந்த அறைக்கும் பிரம்பு இருக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசம் மாணவனுக்குத் தெரிய வேண்டும்.

பெற்றோரே, மகனை எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். காரில் போகும்போது, கடையில் ரொட்டி சானாய் சாப்பிடும்போது, பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. மறுநாளும் கேளுங்கள்.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆவது சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. எனவே போலீஸ், வழக்கு என்று பயந்து மறைக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 எண்ணுக்கு அழைக்கலாம். 1970 முதல் இயங்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929 எண்ணில் 24 மணி நேரமும் கேட்கிறது. உடனடி ஆபத்து என்றால் 999.

நாளைக்கு உங்கள் மகனிடமும் யாராவது ஒரு நண்பன் முதலில் வந்து சொல்லக்கூடும். அப்போது அவன் என்னைப்போல் சிரித்துவிடாமல் இருக்க, இன்றிரவே அவனிடம் பேசுங்கள்.